சுரூபமும் திருப்பண்டமும்: குளோப் அரங்கின் மறுகட்டுமானம் பற்றி

1598ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், மாசில்லாக் குழந்தைகளின் திருநாளன்று, இலண்டன் மதிலுக்கு வெளியே வடக்கிலுள்ள ஷோர்டிட்ச் என்னும் புறநகரில் தச்சர்கள் ஒரு நாடக அரங்கைப் பிரித்துக்கொண்டிருந்தனர். ‘தியேட்டர்’ என்பதே அவ்வரங்கின் பெயர். 1576இல் அதைக் கட்டியவர் ஜேம்ஸ் பர்பேஜ். தொழிலால் தச்சர், பின்னாளில் நடிகர். நிலத்தின் உரிமையாளர் ஜைல்ஸ் ஆலன். 21 ஆண்டுக் குத்தகை 1597இல் முடிந்துவிட்டது. புதுக் குத்தகைக்கு ஆலன் இணங்கவில்லை. ஜேம்ஸ் பர்பேஜும் இறந்துவிட்டார். நிலம் ஆலனுடையதாயினும் அதன்மேல் நிற்கும் மரம் தம்முடையதே என்று கருதிய அவர் மக்கள் கத்பர்ட்டும் ரிச்சர்டும், பீட்டர் ஸ்ட்ரீட் என்னும் தலைமைத் தச்சரையும் 12 பேர் அளவிலான ஆட்களையும் உடனழைத்து வந்து அரங்கைக் கழற்றினர். ஆலன் 800 பவுண்டு இழப்பீடு கேட்டு வழக்காடினார். மிதிபட்ட புல்லுக்கும் 40 ஷில்லிங் கணக்குக் காட்டினார்.

அந்த மரங்களை உறைந்துகிடந்த தேம்ஸ் ஆற்றின்மீது இழுத்துச் சென்றதாக ஒரு கதை வழங்குகிறது. ஸ்ட்ரீட்டின் மரக்கிடங்கில் அவை காத்திருந்து, குளிர்காலம் கழிந்தபின் ஆற்றைக் கடந்தன என்பதே ஆய்வாளர் பலரின் முடிபு. எவ்வாறாயினும் 1599இல் தென்கரையில் சதர்க் பகுதியில் அம்மரங்களைக் கொண்டே ஓர் அரங்கு எழுந்தது. அதுவே குளோப். கட்டிய செலவில் பாதியைப் பர்பேஜ் சகோதரர்களும் மறுபாதியை நடிகர் ஐவரும் ஏற்றனர். அவ்வைவருள் ஒருவர் வில்லியம் ஷேக்ஸ்பியர்.

இந்நிகழ்ச்சியை முதற்கண் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. தேம்ஸின் தென்கரையில் 1997இல் திறக்கப்பட்ட புதிய குளோப் அரங்கைப் பற்றி எழுதுவோர் இரு சாராராய்ப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு சாரார், “இதோ ஷேக்ஸ்பியரின் அரங்கு” என்று கைகூப்புகின்றனர். மறுசாரார், “இது சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்த பொம்மை” என்று புறந்தள்ளுகின்றனர். இரு கூற்றிலும் பிழை உண்டென்பது நம் கருத்து. அதை விளக்க நாம் நன்கறிந்த இரு சொற்களைத் துணைக்கு அழைக்கிறோம்: ஒன்று திருப்பண்டம், மற்றொன்று சுரூபம்.

புனிதர் ஒருவரின் எலும்போ உடையோ திருப்பண்டம் ஆகும். அது அவரைச் சார்ந்த பொருள். அதற்கு ஈடு செய்ய இயலாது. சுரூபமோ சிற்பியின் கைவேலை. அது புனிதரைத் தொட்டதில்லை. அவர் முகத்தைச் சிற்பி கண்டதுமில்லை. ஆயினும் சுரூபத்திற்குச் செய்யும் வணக்கம் அது சுட்டும் மூலத்தைச் சென்றடைகிறது என்று 787இல் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம் கற்பித்தது. சுரூபம் பொய்யன்று. அதனைத் திருப்பண்டம் என்று சொல்லிக் காட்டும்போதுதான் பொய் பிறக்கிறது. புதிய குளோப் ஒரு சுரூபம் என்பதே நம் துணிபு. அது நல்ல சுரூபமா, எதைச் சுட்டுகிறது என்பனவே நாம் எழுப்பவேண்டிய கேள்விகள்.

மூலத்தின் கதை

சுரூபத்தை மதிப்பிடுமுன் மூலத்தை அறிதல் வேண்டும். பர்பேஜ் தம் முதல் அரங்கை எழுப்பிய இடம், எட்டாம் ஹென்றியின் காலத்தில் கலைக்கப்பட்ட ஹாலிவெல் கன்னியர் மடத்தின் வளாகம். அவரே 1596இல் 600 பவுண்டுக்கு வாங்கிய மற்றோர் அரங்கக் கூடம், பிளாக்ஃபிரையர்ஸ் பகுதியில் சாமிநாதர் சபைத் துறவியரின் மடமாக இருந்த கட்டிடத்தில் அமைந்திருந்தது. மன்றாட்டு ஓய்ந்த இடங்களில் நாடகம் குடியேறியது என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் நாடகம் அதற்கு முன்பே திருச்சபையின் வீட்டில் வளர்ந்த பிள்ளை என்பதை மறத்தலாகாது. யார்க், செஸ்டர், கவென்ட்ரி ஆகிய நகரங்களில் தொழிற்குழுவினர் கிறிஸ்துவின் திருவுடல் திருநாளையொட்டிப் படைப்பு முதல் பொதுத்தீர்வை வரையிலான மீட்பு வரலாற்றைத் தெருவில் நடித்துக் காட்டி வந்தனர். யார்க்கில் 1569இலும் செஸ்டரில் 1575இலும் அந்நாடகங்கள் இறுதியாக நடந்தன. 1576 மே மாதத்தில், வேக்ஃபீல்டு நாடகத்தில் இறைத்தந்தையையோ மகனையோ தூய ஆவியையோ திருவருட்சாதனங்களையோ நடித்துக் காட்டலாகாது என்று யார்க்கிலிருந்த திருச்சபை ஆணையம் தடைவிதித்தது. பர்பேஜின் அரங்கு எழுந்ததும் அதே ஆண்டில்தான்.

தெருவில் நின்றுபோன நாடகம் மதிலுக்கு வெளியே காசு கொடுத்துக் காணும் தொழிலாயிற்று. ஆயினும் பழைய வீட்டின் அடையாளங்கள் அதைவிட்டு அகலவில்லை. மேடைக்கு மேலிருந்த கூரையை ‘விண்ணகம்’ என்றும், மேடைக்கு அடியிலிருந்த இருண்ட பகுதியை ‘நரகம்’ என்றும் நடிகர்கள் வழங்கினர். இரண்டுக்கும் நடுவே மானிடர் நின்று பேசினர்.

மறையுரையாளர்கள் இவ்வரங்குகளை எவ்வாறு நோக்கினர் என்பதும் நம்மைப் போன்றோர் எண்ணிப்பார்க்க வேண்டியதே. 1577 நவம்பரில் தாமஸ் ஒயிட் என்னும் போதகர், தூய பவுல் பேராலயத்தின் முற்றத்தில் நின்று, கொள்ளைநோய்க்குக் காரணம் பாவம், பாவத்திற்குக் காரணம் நாடகம், ஆகவே கொள்ளைநோய்க்குக் காரணம் நாடகம் என்று தருக்கம் செய்தார். தருக்க நூலின் வடிவம் குறைவின்றி இருந்தது. உண்மைதான் அதில் இல்லை. சதர்க்கின் தூய மீட்பர் பங்கு அவையோ 1598இல் நாடக அரங்குகளை மூடவேண்டுமென முறையிட முடிவு செய்தது. ஈராண்டு கழித்து அதே அவை, நடிகர்களிடமிருந்து தசமபாகமும் ஏழைகளுக்கான பணமும் பெறுவது குறித்துப் பேசுமாறு கோயில் பொறுப்பாளர்களைப் பணித்தது. பங்கு நிர்வாகத்தில் பழகிய எவருக்கும் இங்குப் புன்னகை அரும்பும். ரோஸ் என்னும் அரங்கின் உரிமையாளரான பிலிப் ஹென்ஸ்லோவே பின்னாளில் அக்கோயிலின் பொறுப்பாளர்களுள் ஒருவரானார். ஷேக்ஸ்பியரின் தம்பியும் நடிகருமான எட்மண்ட் 1607ஆம் ஆண்டின் கடைசி நாளில் அக்கோயிலில்தான் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்காகப் பெரிய மணி ஒலித்தது.

1613 ஜூன் 29, புனித பேதுரு திருநாள். எட்டாம் ஹென்றியைப் பற்றிய நாடகம் குளோப் மேடையில் நடந்துகொண்டிருந்தது. அரசனின் வருகையை அறிவிக்கச் சுட்ட பீரங்கியின் பொறி கூரையில் விழுந்தது. வெறும் புகைதானே என்று மக்கள் நாடகத்திலேயே கண்ணாக இருந்தனர் என்று ஹென்றி வாட்டன் தம் மடலில் எழுதியுள்ளார். ஒரு மணி நேரத்திற்குள் அரங்கு முழுவதும் சாம்பலாயிற்று. உயிரிழப்பு இல்லை. ஒருவருடைய காற்சட்டை தீப்பற்றியது. கையிலிருந்த பீரை ஊற்றி அதை அணைத்தனர். மறு ஆண்டே ஏறத்தாழ 1,400 பவுண்டுச் செலவில், அதே அடித்தளத்தின்மேல், ஓட்டுக் கூரையுடன் இரண்டாம் குளோப் எழுந்தது. 1642 செப்டம்பரில் பாராளுமன்றம் நாடகங்களைத் தடைசெய்தது. அதன்பின் சில ஆண்டுகளில் அரங்கும் தரைமட்டமாயிற்று.

ஆக, ‘மூல’ குளோப் என்பது எது? ஷோர்டிட்ச் மரத்தில் மறுபடியும் கட்டிய 1599ஆம் ஆண்டின் குளோப்பா? அது எரிந்த இடத்தில் எழுந்த 1614ஆம் ஆண்டின் குளோப்பா? குளோப்பின் வரலாறே மறுகட்டுமானங்களின் வரலாறு. நான்காவதாக ஒன்று எழுந்தபோது ‘போலி’ என்று முகம் சுளிப்போர் இதைக் கருதவேண்டும்.

சிற்பியிடம் இருந்த சான்றுகள்

புதிய அரங்கின் சிற்பி என்று ஒருவரைச் சுட்டவேண்டுமாயின் அவர் சாம் வானமேக்கர். 1919இல் சிகாகோவில் பிறந்த அமெரிக்க நடிகர். 1949இல் இலண்டன் வந்த அவர் குளோப் நின்ற இடத்தைத் தேடிச் சென்றார். மதுவடிப்பாலை ஒன்றின் சுவரில் பதித்த வெண்கலப் பலகை மட்டுமே அவர் கண்ணில் பட்டது. 1970இல் ஓர் அறக்கட்டளையை நிறுவி, எஞ்சிய வாழ்நாளை அதற்கே செலவிட்டார். நிலத்தைக் குறித்துச் சதர்க் உள்ளாட்சி மன்றத்தோடு 1980களில் வழக்கும் நடந்தது. உழைப்பாளர் வாழும் அப்பகுதிக்கு வேண்டுவது வீடுகளே, அரங்கன்று என்னும் எதிர்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வழக்கில் வென்றதனால் ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகாது. 1993 டிசம்பரில், அரங்கு பாதி எழுந்த நிலையில், வானமேக்கர் மறைந்தார். கட்டிடக் கலைஞர் தியோ கிராஸ்பியும் மறு ஆண்டில் காலமானார். விதைத்தவர் இருவரும் அறுவடையைக் காணவில்லை.

அவர்கள் கையில் இருந்த சான்றுகள் எவை? குளோப்பின் வரைபடம் எதுவும் எஞ்சவில்லை. அதே பீட்டர் ஸ்ட்ரீட் 1600இல் ஃபார்ச்சூன் அரங்கைக் கட்ட 440 பவுண்டுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தம் கிடைத்துள்ளது. ஆனால் அது சதுர அரங்கு. மேலும், நாம் அறிய விரும்பும் இடங்களில் எல்லாம் அவ்வொப்பந்தம் “குளோப்பில் உள்ளவாறே” என்னும் பொருள்படச் சொல்லி நின்றுவிடுகிறது. அதனுடன் இணைத்திருந்த வரைபடமும் காணாமற்போயிற்று. ஸ்வான் அரங்கின் உட்புறத்தை டச்சுப் பயணி டி விட் 1596ஐ ஒட்டி வரைந்தார். அதை அவர் நண்பர் பார்த்து வரைந்த படியே 1888இல் வெளிப்பட்டது. ஹாலர் என்னும் ஓவியர் 1647இல் வெளியிட்ட இலண்டன் காட்சியில் குளோப் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அதில் குளோப்பின் பெயர் கரடிச்சண்டைக் கூடத்தின்மேலும், கரடிக் கூடத்தின் பெயர் குளோப்பின்மேலும் மாறி அச்சாகிவிட்டன. அதற்காக அவர் முன்னரே வரைந்த பென்சில் கோட்டோவியத்தைக் கணக்கிட்டுத்தான் ஜான் ஓரெல் என்னும் அறிஞர் ஏறத்தாழ 100 அடி விட்டம் என்ற முடிவுக்கு வந்தார். புதிய அரங்கு 20 பக்கங்களோடு அவ்வளவிலேயே அமைந்தது.

இச்சிறு சான்றுகளைக் கொண்டு எழுந்த கட்டிடத்தில் நம்மை மிகவும் கவர்வது அதன் கைவேலை. பீட்டர் மெக்கர்டியும் அவருடைய தச்சர்களும் பச்சை ஓக் மரத்தைப் பழைய முறைப்படி அறுத்து, செதுக்கி, இரும்பாணிக்கு மாறாக மர முளைகளால் பொருத்தினர். சுவருக்கு ஆட்டுமயிர் கலந்த சுண்ணாம்புச் சாந்து. கூரைக்கு நார்ஃபோக் நாணல். 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு இலண்டனில் நாணல் வேய்ந்த முதற் கட்டிடம் இதுவே. ஆகவே கூரை முகட்டில் நீர் தெளிக்கும் குழாய்களைப் பதித்தனர். பழைய குளோப்பின் கூரை கீற்றாலானது என்பதற்கு வாட்டன் விவரித்த தீயே வலிய சான்று. மூலத்தை அழித்த நெருப்பே மூலத்தின் உருவையும் நமக்குக் காட்டிக்கொடுத்தது.

இதில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. நூலில் எழுதிய கருதுகோளை எவரும் எளிதில் மறுத்துவிடலாம். தூணாக நிறுத்திய கருதுகோளோ தானே பேசத் தொடங்குகிறது. 1995இல் தற்காலிக மேடையில் நடித்துப் பார்த்தபோது, தூண்கள் நின்ற இடம் தம்மை மறைக்கிறது என்று நடிகர்கள் முறையிட்டனர். அறிஞர்களும் நடிகர்களும் வாதாடியபின் நிலையான மேடையில் அவற்றின் அமைப்பு மாறியது. இத்தகைய தாழ்மை இவ்வரங்கின் முதற் சிறப்பு.

மண்ணுக்கடியில் திருப்பண்டம்

இனி அதன் குறையைக் கூறவேண்டும். 1989ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புதிய குளோப்பின் அருகிலேயே, அலுவலகக் கட்டிடம் ஒன்றுக்காகத் தோண்டிய இடத்தில் 1587இல் ஹென்ஸ்லோ கட்டிய ரோஸ் அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. 14 பக்கங்கள், விட்டம் ஏறத்தாழ 72 அடி. மக்கள் நின்று பார்த்த முற்றத்தின் தரையில் ஹேசல் கொட்டை ஓடுகள் கலந்திருந்தன. அதைக் காக்க நடிகர்களும் பொதுமக்களும் இரவு பகலாகப் போராடினர். முடிவில் அலுவலகக் கட்டிடம் அடித்தளத்தின்மேல் தூண்களில் உயர்ந்து நின்றது. ரோஸின் எச்சங்கள் உலர்ந்து வெடிக்காதிருக்க மணலுக்கும் நீருக்கும் அடியில் மூடப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் மெய்யான குளோப்பின் அடித்தளத்திலும் ஒரு சிறு பகுதி கிடைத்தது. மிகுதி, 1834இல் கட்டிய, சட்டத்தின் காப்புப் பெற்ற ஆங்கர் டெரஸ் வீடுகளின்கீழ் தோண்டப்படாமலே கிடக்கிறது. புதிய அரங்கிலிருந்து அவ்விடம் ஏறத்தாழ 230 மீட்டர்தான்.

திருப்பண்டம் இருளில் கிடக்க, சுரூபத்தின் முன் மக்கள் திரள்கின்றனர். இதில் எவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. நீருக்கடியில் கிடக்கும் சுவரில் நாடகம் நடத்த இயலாது. ஆனால், கண்ணால் கண்ட சுரூபம் நம் மனத்தில் மூலத்தின் இடத்தையே பிடித்துக்கொள்ளும் இடர் உண்டு. பள்ளி மாணவனின் பாடநூலில் ‘ஷேக்ஸ்பியரின் அரங்கு’ என்று வரும் படம் பெரும்பாலும் 1997ஆம் ஆண்டின் கட்டிடமே. மண்ணோ மறுபுறம் தன் சான்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. குளோப்பின் பக்கங்கள் 20ஐவிடக் குறைவு, விட்டமும் 100 அடிக்குக் குறைவு என்று தொல்லியலார் சிலர் இப்போது கணிக்கின்றனர். 2008இல் பர்பேஜின் ‘தியேட்டர்’ அடித்தளம் ஷோர்டிட்சில் வெளிப்பட்டது. 1577இல் கட்டிய கர்ட்டன் அரங்கு வட்ட வடிவினது என்று எல்லாரும் எண்ணியிருக்க, 2016ஆம் ஆண்டின் அகழாய்வு அது நீள்சதுரம் என்று காட்டியது. அறிவின் பாதையில் இத்தகைய திருத்தங்கள் இயல்பு. சுரூபத்தின் அடியில் ‘இது நம் அறிவின் இன்றைய அளவு’ என்று எழுதிவைக்கும் நேர்மையே வேண்டுவது.

எதற்கு உண்மையாய் இருப்பது?

2016இல் எழுந்த ஒரு பூசல் இக்கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. பழைய குளோப்பில் நாடகம் பிற்பகலில் நடந்தது. ஒரு பென்னி கொடுத்து முற்றத்தில் நின்ற உழைப்பாளியும், கூடுதல் காசு கொடுத்து மாடத்தில் அமர்ந்த செல்வரும், மேடையில் நின்ற நடிகரும் ஒரே பகலொளியில் இருந்தனர். புதிய குளோப்பிலும் இரவில் ஏற்றும் விளக்குகள் மேடைக்கும் மக்களுக்கும் பொதுவாகவே ஒளிர்ந்தன. அவ்வாண்டு கலை இயக்குநராக வந்த எம்மா ரைஸ் நவீன மேடை விளக்குகளையும் ஒலிபெருக்கியையும் புகுத்தினார். அரங்கு நிறைந்தது. ஆயினும் நிர்வாகக் குழு, பொது ஒளியே இவ்வரங்கின் அடிப்படை என்று கூறி, அவர் 2018இல் விலகுவார் என அறிவித்தது.

இப்பூசலில் நாம் எப்பக்கம்? ‘பழைய முறை’ என்னும் ஒரே காரணத்திற்காக ஒன்றைக் காக்கவேண்டுமென்றால், பெண் வேடங்களில் பெண்கள் நடிப்பதையும் விலக்கவேண்டும். தீத்தடுப்பு வாயில்களை அடைக்கவேண்டும். 1,500 பேருக்கு மாறாக 3,000 பேரை நெருக்கி நிறுத்தவேண்டும். எவரும் அதற்கு உடன்படமாட்டார்கள். ஆகவே பழமை என்பது போதிய காரணமன்று. ரைஸின் துணிவை நாம் மதிக்கிறோம். கலைஞரைத் தேர்ந்து அழைத்த குழு, அவர் முதல் ஆண்டு முடியுமுன்பே கதவைக் காட்டிய விதம் நமக்கு உவப்பாக இல்லை.

எனினும் ஒளியைப் பற்றிய அளவில் குழுவின் பக்கமே நீதி உள்ளதென்று எண்ணுகிறோம். இருண்ட அரங்கில் ஒவ்வொருவரும் தனியர். மேடை மட்டுமே தெரியும். பொது ஒளியிலோ எதிர்மாடத்தில் அழுபவரையும், அருகில் நின்று சிரிப்பவரையும் நாம் காண்கிறோம். அவர்களும் நம்மைக் காண்கின்றனர். அரசன் தன் குற்றத்தை மேடையில் அறிக்கையிடும்போது அவன் கண் நம் கண்ணைச் சந்திக்கிறது. அங்கே பார்வையாளர் இல்லை, சாட்சிகளே உள்ளனர். மரத்தின் அளவும் தூணின் இடமும் தவறாயிருக்கலாம். இந்த உறவு மட்டும் தவறவில்லை. 1997இல் முற்றத்தில் நிற்க 5 பவுண்டே கட்டணம். பல்லாண்டுகள் அதே விலை நீடித்தது. நாணற்கூரையைக் காட்டிலும் அந்த 5 பவுண்டே பழைய குளோப்புக்கு உண்மையாக இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. வெறுங்கையனுக்கு அடுத்த நிலையில் இருந்தவனும் உள்ளே நுழைந்து, மேடையின் விளிம்பில் கைவைத்து நிற்க முடிந்தது.

சுரூபம் எதைச் சுட்டுகிறது என்று தொடக்கத்தில் கேட்டோம். எரிந்துபோன ஒரு கட்டிடத்தை மட்டும் அது சுட்டுமாயின், அழகிய தச்சுவேலை என்று பாராட்டிவிட்டு நகரலாம். ஒரு காலத்து மக்கள் மழையிலும் வெயிலிலும் கூடிநின்று, ஒருவர் முகத்தை ஒருவர் கண்டவாறு, சொல்லுக்குச் செவிகொடுத்த அந்தக் கூட்டத்தைச் சுட்டுமாயின், அது தன் பணியைச் செய்கிறது. பிந்தியதையே அது தன் நல்ல நாள்களில் செய்கிறது என்பது நம் முடிவு.

அவ்வரங்கிற்குச் செல்லும் வாய்ப்புப் பெறுவோருக்கு ஒன்று சொல்வோம். நாடகம் முடிந்தபின் சிறிது தொலைவு நடந்து பார்க் தெருவுக்குச் செல்லுங்கள். கார்கள் நிற்கும் முற்றமும், பழைய வீட்டு வரிசையும், ஒரு வெண்கலப் பலகையுமே அங்குள்ளன. தரையில் ஒரு வளைகோடு குறித்திருக்கிறார்கள். ஷோர்டிட்சிலிருந்து வந்த மரங்கள் நின்றதும் எரிந்ததும் அங்கேதான். சுரூபத்தின் முன் நின்ற கால்கள் அங்கேயும் சிறிது நேரம் நிற்கட்டும்.